ரேடியோ ஒரு ஊர்ல... பேசுறவர் வேற ஊர்ல! ரிமோட் ஹாம் நிலையம் இயங்குவது எப்படி?

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கையில் இருக்கிறது. ஆனால் ஆன்டெனா கட்ட இடமில்லை. அமெரிக்காவில் பலருக்கு இதுதான் நிலைமை. குடியிருப்போர் சங்கம் அனுமதி தராது. தந்தாலும், அக்கம்பக்கத்து எல்இடி விளக்கும் சோலார் இன்வெர்ட்டரும் கிளப்புற இரைச்சலில் தூரத்துக் குரல் காதில் விழாது. இதற்கு அங்குள்ள ஹாம் கிளப்கள் எடுத்துள்ள வழிதான் பொது ரிமோட் நிலையம்.

ஹாம் ரேடியோன்னா என்ன?

தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிய தனிநபர்கள், வருமான நோக்கம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசும் வானொலிச் சேவை. இதன் சிற்றலைகள் வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் கண்டம் விட்டுக் கண்டம் பேசலாம்.

ரிமோட் நிலையத்தில் என்ன இருக்கும்?

ஊருக்கு வெளியே, இரைச்சல் குறைந்த இடத்தில் டவரும் ஆன்டெனாவும் நிற்கும். கீழே ஒரு சிறிய அறையில் ரேடியோ, அதோடு இணைந்த கம்ப்யூட்டர், இன்டர்நெட். உறுப்பினர் வீட்டில் லேப்டாப்பும் ஹெட்செட்டும் போதும். அலைவரிசையை மாற்றுவது, ஆன்டெனாவைத் திருப்புவது எல்லாமே திரையில்தான். குரல், இன்டர்நெட் போன்கால் போலவே போய் வரும்.

இதற்கு அதிவேக நெட் தேவையில்லை. நெட் சீராக இருப்பதுதான் முக்கியம். நொடியில் ஒரு சிறு பங்கு தாமதம் பேச்சில் பெரிதாகத் தெரியாது. மோர்ஸ் அடிப்பவருக்கு அதுவே தொல்லை. தான் அடித்த ஒலி தாமதமாகத் திரும்பி வந்தால் கை தடுமாறும். அதனால் அந்த ஒலியை அவர் வீட்டுக் கருவியிலேயே உருவாக்கிக் கேட்க வைக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசலாமா?

முடியாது. ஒரு ரேடியோவில் ஒருவர்தான் ஒலிபரப்பலாம். முன்பதிவு செய்து முறை வைத்துப் பயன்படுத்துவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் கேட்கும்படி வசதி செய்வதும் உண்டு.

பேசும்போது நெட் கட்டானால்?

பெரிய ஆபத்தே இதுதான். பட்டனை அழுத்திப் பேசும் நொடியில் இணைப்பு அறுந்தால், ஆளில்லாத அறையில் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஹாம்களுக்கான உச்ச சக்தி 1,500 வாட். அந்த அளவில் அலைவரிசை அடைபட்டால் மற்றவர்கள் யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. கருவியும் சூடாகிக் கெடலாம்.

அதனால்தான், கட்டுப்பாட்டு இணைப்பு பழுதானால் ஒலிபரப்பு 3 நிமிடத்துக்கு மேல் நீடிக்காதபடி ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி-யின் விதி. கவனமான கிளப்கள் இணைப்பு போன சில நொடிகளிலேயே ஒலிபரப்பு நிற்கும்படி அமைக்கின்றன. மின்சாரத்தைத் துண்டிக்கத் தனி வழியும் வைத்திருப்பார்கள்.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

வீட்டில் உட்கார்ந்து இயக்குபவர்தான் கட்டுப்பாட்டாளர். அவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். அந்த அலைவரிசைக்கு அது பொருந்தவும் வேண்டும். நிலையத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. வெளியாட்கள் நுழைந்து ஒலிபரப்ப முடியாதபடி பாதுகாப்பு வேண்டும். லைசென்ஸ் நகலும் பொறுப்பாளரின் பெயர், முகவரி, போன் நம்பரும் நிலையத்தில் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஆக, பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

சென்னையில் இருந்து இயக்கலாமா?

ஒலிபரப்புக் கருவி எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் பொருந்தும். அமெரிக்க நிலையத்தை இங்கிருந்து இயக்க இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. அமெரிக்க லைசென்ஸ் வேண்டும்.

இது ஏமாத்து வேலை இல்லையா?

ஹாம்களுக்குள் இந்த வாதம் ஓயவில்லை. ஆனால் விதிகள் தெளிவு. 100 நாடுகளோ பிரதேசங்களோ தொடர்புகொண்டவருக்குத் தரப்படும் டிஎக்ஸ்சிசி விருதில் ரிமோட் தொடர்பும் செல்லும். கணக்கில் வருவது ஒலிபரப்புக் கருவி இருக்கும் இடம், ஆள் இருக்கும் இடம் அல்ல.

பேரிடர் நேரத்தில் கைகொடுக்குமா?

ஹாம் ரேடியோவின் பெருமையே, போனும் நெட்டும் செத்த பிறகும் பேசுவதுதான். ரிமோட் நிலையம் நெட்டை நம்பி நிற்கிறது. புயலில் நெட் போனால், அந்த அறைக்கே போய் ரேடியோவை நேரடியாக இயக்க ஒரு ஆள் வேண்டும். அதனால் உறுப்பினர்கள் கிளப்பில் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?