மலையேறிய பெட்டி

பியானோ மலையேறாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் வார்ப்பிரும்புச் சட்டம், மேலே ஆளை அமுக்கும் மரக்கூடு. தூக்க நாலைந்து பேர் வேண்டும். ஒரு மழைக்காலம் போனால் சுருதியும் போய்விடும். 1900 வாக்கில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்கே அது வந்து சேர்ந்திருந்ததால்தான் ராக்டைம் என்ற இசைநடை அங்கே அப்படிப் பரவியது. மிசௌரி மாநிலத்துச் செடேலியாவில் கறுப்பினப் பியானோக்காரர் ஸ்காட் ஜாப்ளின் 1899இல் வெளியிட்ட ‘மேப்பிள் லீஃப் ராக்’ அச்சுத்தாளாக வீடுவீடாகப் போனது. இடது கை தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும். வலது கை, தட்டு விழும் இடத்தை நழுவவிட்டு நடுவில் வந்து மெட்டை எடுக்கும். அரை இடம் தள்ளி எடுப்பதன் சுகத்தைப் மிருதங்க வித்வான் பாலக்காட்டு மணி ஐயரின் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்க வித்வான்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அங்குள்ள இசைக்கலைஞர் சம்மேளனம் 1901இல் தன் உறுப்பினர்களிடம் ராக்டைமை வாசிக்காதீர்கள் என்றே சொல்லிவிட்டது.

நம் பக்கம் அந்த இடத்தைப் பிடித்தது ஆர்மோனியம். 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் துபேன் செய்தபோது அது காலால் மிதிக்கும் பெட்டி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைச் சுருக்கி, துருத்தியைப் பெட்டியின் முதுகுக்குக் கொண்டுபோனார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கலாம், தோளில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் இந்த வசதிக்கு இடது கையைக் கொடுக்கவேண்டி வந்தது. ராக்டைமில் தாளத்தைத் தாங்கும் கை இங்கே காற்றடிக்கப் போய்விட்டது. கைப்பெட்டியில் ராக்டைம் வாசிக்கவே முடியாது. மெட்டு ஒருவர் கையில், தாளம் பக்கத்தில் இருப்பவர் கையில். என்னைக் கேட்டால், நம் மேடைப்பாட்டின் குணத்தையே இந்தத் துருத்திதான் தீர்மானித்தது. வாசிப்பவர் தாளத்தோடு விளையாட வேண்டுமென்றால் இன்னொரு ஆள் துணை வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு 1862இலேயே ரயில் வந்துவிட்டது. தமிழ் நாடகக் கம்பெனிகள் கேரளத்துக்குள் போய் ஆடின. மலையாளச் சங்கீத நாடகமே அவற்றைப் பார்த்துப் பிறந்ததுதான். கூடவே ஆர்மோனியமும் போனது. நாடக நடிகர் கிட்டப்பாவின் பாட்டுக்கு அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் எப்படி ஈடுகொடுத்தது என்பது நாடக ரசிகர்கள் அலுக்காமல் பேசிய விஷயம்.

வித்வான்களின் முகச்சுளிப்பு இங்கேயும் வந்தது. கட்டைக்குக் கட்டை தாவுமே தவிர, இரண்டு கட்டைக்கு நடுவில் வழுக்கிப் போக அதற்குத் தெரியாது; கமகம் எங்கே வரும்? இது நியாயமான குறைதான். அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் அதைக் கடுமையாகச் சாடினார், தாகூரும் வெறுத்தார். 1940 மார்ச்சில் வானொலி அதற்குக் கதவைச் சாத்தியது. 1971இல்தான் கொஞ்சம் திறந்தது.

வானொலி சாத்தியிருந்த அந்த ஆண்டுகளில்தான் பெட்டி தன் பெரிய வேலையைச் செய்தது. பாலக்காடு எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன், கண்ணூரில் தாத்தா வீட்டில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் பாடம் கேட்டு, கோவையில் எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்த ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’ இரண்டும் அவர் இசையில் 1964இல் வந்த படங்கள். அவற்றில் பியானோவும் டிரம்ஸும் மேல்நாட்டு நடையில் துள்ளுகின்றன. ஆனால் அவர் மெட்டுப் போட உட்கார்ந்தது ஆர்மோனியத்தின் முன்னால்தான்.

இன்னொரு பெட்டி போடிமெட்டு வழியாக ஏறியது. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். அந்த ஊர் இன்று இருக்கும் இடுக்கி மாவட்டம் பிறக்க இன்னும் பதினாலு வருஷம் இருந்தது. ரோசம்மா புன்னூஸின் முந்தைய வெற்றி செல்லாதென்று தீர்ப்பாகிவிட, நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற கேரளத்தின் ஈ.எம்.எஸ். கம்யூனிஸ்ட் அரசுக்கு அந்த ஒரு இடம் முக்கியமானது. ஓட்டுப் போடவேண்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோ பெரும்பாலும் தமிழர்கள். மலையாள மேடைப்பேச்சு அவர்களிடம் எவ்வளவு எடுபடும்? பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்தார். தெரிந்த சினிமா மெட்டில் கட்சிப் பாட்டைப் போட்டுப் பாடினால் கூட்டம் முதல் வரியிலேயே கூடச் சேர்ந்துவிடும். எஸ்டேட் பாதையில் பியானோவை வைத்து இதைச் செய்திருக்க முடியுமா? ரோசம்மா மறுபடி ஜெயித்தார்.

அண்ணன் பாவலர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய ஆர்மோனியத்தைத் தொட்டுப் பழகியதை இளையராஜா மேடைகளில் சொல்லியிருக்கிறார். எம்.எஸ்.வி.யின் பாட்டுதான் தன்னை வளர்த்தது என்றும் சொல்லியிருக்கிறார். எலப்புள்ளிக்காரரின் மெட்டும் பாவலரின் பெட்டியும் அவரிடம் வந்து சேர்ந்தன. சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தபோது, துருத்தியிலிருந்து விடுபட்ட இடது கைக்கும் வேலை கிடைத்தது. அவர் இசையமைத்த ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. 1917இலேயே இறந்துபோன ஜாப்ளினுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்ததும் அதே 1976இல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பு ‘தி ஸ்டிங்’ படம் அவருடைய மெட்டுகளை உலகம் முழுக்க மறுபடி முணுமுணுக்க வைத்திருந்தது.

இப்போது கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிறது கீபோர்டு. சில மாடல்களின் தாளப் பட்டியலில் ‘ராக்டைம்’ என்றே ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் இடது கை வேலையை மிஷினே பார்த்துக்கொள்ளும். வாசிக்கிறவர் அந்தக் கையால் டீ குடிக்கலாம்.