பைனி மரத்து மெழுகுத்திரி

நெல்லை வண்ணார்பேட்டை செல்லப்பாண்டியன் சிலையைச் சுற்றி இன்று துணிக்கடையும் நகைக்கடையும் ஓட்டலுமாக நெருங்கிக் கிடக்கின்றன. பரிசுப்பொருள் விற்கும் கடை எதிலும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி உறையவைத்த வாசனை மெழுகுவத்திகள் ஒரு தட்டு நிறைய இருக்கும். லாவெண்டர், வெனிலா, ரோஜா, எலுமிச்சம்புல். வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் பில் போடச் சொல்கிறார்கள். ‘மனம் அமைதியாகும்’, ‘நல்ல தூக்கம் வரும்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. இது முழுக்க முழுக்க மேல்நாட்டுச் சரக்கு என்றுதான் நம்மில் பலருக்கும் நினைப்பு. இந்தக் கடைகளுக்கு மேற்கே தெரிகிற மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில், ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே எரியும்போது மணம் பரப்பும் மெழுகுத்திரி வார்த்தார்கள் என்பது அநேகமாக மறந்தே போய்விட்டது. இந்த வாரம் அந்தத் திரியின் கதை.

முதலில் பொருநை என்கிற தாமிரபரணிக் கரையின் வழக்கத்தைப் பார்த்துவிடுவோம். இங்கே வாசம் ஒரு பாத்திரத்தில், வெளிச்சம் இன்னொரு பாத்திரத்தில். பூசையில் முதலில் தூபம், பிறகு தீபம். நெல்லையப்பர் கோயிலானாலும் ஆற்றங்கரைப் பேராத்துச்செல்வி அம்மன் கோயிலானாலும் முறை அதுதான். தூபக்காலில் கங்கு போட்டு அதன்மேல் சாம்பிராணியோ குங்கிலியமோ தூவுவார்கள். விளக்கில் நெய், அல்லது இலுப்பெண்ணெய், அல்லது புன்னை எண்ணெய். இரண்டுக்கும் தனித்தனிக் கொடை, தனித்தனிக் கணக்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்திருப்பார்கள். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றுக்குப் பெயர். செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை ஈடுகட்டி, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மணத்துக்கோ தனியாக ஒரு நாயனாரே உண்டு. மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலயரைச் சேக்கிழார் 63 பேரில் ஒருவராகப் பாடியிருக்கிறார்.

வெளிச்சத்தின் வரலாற்றில் வண்ணார்பேட்டைக்குப் பெயர் தந்த மக்களுக்கும் பங்குண்டு. சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி கட்டுவதும், பந்தத்துக்குப் பழந்துணி சுற்றித் தருவதும், மாற்று விரிப்பதும் தமிழகத்தின் பல ஊர்களில் சலவைத் தொழிலாளர் வீட்டுப் பொறுப்பு. நெய்க்கு ஆடு கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். பந்தம் பிடித்த கையின் பெயர் பெரும்பாலும் கல்லில் இல்லை. அந்தக் குறை எனக்கு எப்போதும் உண்டு.

மெழுகுத்திரி ஏன் இங்கே வேர்விடவில்லை? காரணம் வெயில் என்றுதான் எனக்குப் படுகிறது. சித்திரை, வைகாசியில் நெல்லையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கொழுப்பை வார்த்துச் செய்த திரி அந்தச் சூட்டில் ஏற்றுவதற்கு முன்பே வளைந்துவிடும். உருகிய எண்ணெயை ஓர் அகலில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையே கிடையாது. தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் அதன் விலை விளக்கெரிக்கக் கட்டுபடியாகாது.

மலைக்கு அந்தப் பக்கத்துத் திரிக்கு வர, ஒரு தாவர ஆர்வலரிடமிருந்து தொடங்க வேண்டும். 1830களின் நடுவில் பாளையங்கோட்டைக்கு ஒரு படைப்பிரிவோடு வந்து சேர்ந்தார் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்கார மருத்துவர். வேலை சிப்பாய்களுக்கு வைத்தியம். நெஞ்சு முழுக்கத் தாவரங்கள். குற்றாலத்துக்கும் சுற்றுவட்டார மலைகளுக்கும் செடி சேகரிக்கப் போவார். கொக்கிரகுளத்தையும் அக்கரையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல்தான் வந்தது. ஆகவே பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் கிளம்புகிற எவரும் அன்று ஆற்றைத் தண்ணீர் வழியாகத்தான் கடக்க வேண்டும். குற்றாலத்திலோ கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் வாசனைத் தோட்டம் போட்டிருந்தது. இந்தியாவுக்குள் கிராம்பு வந்து வேர்பிடித்தது அந்தத் தோட்டத்தில்தான்.

வைட் எழுதிய தாவர நூல்களுக்கு உயிர் கொடுத்தவர் ரங்கையா. இலையின் நரம்பு, மொட்டின் குறுக்குவெட்டு, விதையின் உள்ளடுக்கு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்த நம் நாட்டு ஓவியர். அவருக்குப் பின் கோவிந்து வந்தார். படங்களின் கீழே இவர்கள் பெயரை வைட் அச்சிடவும் செய்தார். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

இந்தத் தாவர ஆராய்ச்சியாளர்களின் எழுத்தில் அடிக்கடி தலைகாட்டும் மரம் ஒன்று உண்டு. நாம் வெள்ளைக் குங்கிலியம் என்கிறோம், மலையாளத்தில் பைன் அல்லது பைனி, கன்னடத்தில் தூபத மரம். தாவரவியலில் வட்டேரியா இண்டிகா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வளர்வதில்லை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டித் திருவிதாங்கூரில் இறங்கினால் தொடங்கி, வடக்கே கன்னடக் கரை வரைக்கும் அதன் நாடு.

பிசின் எடுக்கும் விதம் இப்படி. அடிமரத்தில் உள்ளேயும் கீழேயும் சரிகிற மாதிரி ஒரு வெட்டுப் போடுவார்கள். வெட்டுவாயில் பிசின் கசிந்து தேங்கி மெல்ல இறுகும். புதிதாக இருக்கையில் அது நல்ல வார்னிஷ். வண்டிக்கும் படங்களுக்கும் பூசுவார்கள். இறுகிய கட்டிகளில் தெளிவானதை அம்பர் மணிபோல அணிந்ததும் உண்டு. அந்தப் பிசினைக் கொண்டு மலபார் கரையில் மெழுகுத்திரி செய்தார்கள். எரியும்போது இனிய மணம் வந்தது, வெளிச்சம் தெளிவாக இருந்தது, புகை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாகத் திரி தானாகவே எரிந்து தீர்ந்தது. கருகிய நுனியைக் கத்தரிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்துக்குப் போன திரிகள் நல்ல விலைக்குப் போயின. 1858இல் சென்னையில் ஹீபர் ட்ரூரி வெளியிட்ட இந்தியப் பயன்தரு தாவரங்கள் நூல் வரைக்கும் இந்த மரத்தின் புகழ் தொடர்கிறது.

திரியின் நுனி ஏன் இவ்வளவு முக்கியம் என்று தோன்றலாம். அன்றைய ஐரோப்பாவில் ஏழை வீட்டில் எரிந்தது மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு வார்த்த திரி. நாற்றம் ஒரு பக்கம், கரும்புகை இன்னொரு பக்கம். சற்றுநேரத்துக்கு ஒருமுறை எழுந்து கருகிய நுனியை வெட்டாவிட்டால் சுடர் மங்கிக் கொழுப்பு வழியும். அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் மேசைமேல் கிடக்கும். தேன்மெழுகுத்திரி மாதாகோவிலுக்கும் சீமான் வீட்டுக்கும் மட்டும். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுத்திரிக்கு வரி வேறு. அந்த வீடுகளுக்கு நடுவே நாற்றமில்லாமல், வெட்ட வேண்டாமல், மணத்தோடு எரியும் ஒரு திரி போய்ச் சேர்ந்தது எத்தனை பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

பைனி மரம் பிசினோடு நிற்கவில்லை. விதையை இடித்து நீரில் கொதிக்கவைத்தால் மேலே வெண்மையான கொழுப்பு மிதக்கும், ஆறினால் கட்டியாகும். அதைச் சோதித்து 1825இல் எழுதியவர் பெஞ்சமின் பாபிங்டன். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். தமிழ் தெரிந்தவர், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் அவரே. பிற்பாடு மருத்துவராகித் தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவியைச் செய்தார். கொழுப்பு 97.5 டிகிரி பாரன்ஹீட்டில் உருகுகிறது என்று குறித்தார். நம் கணக்கில் 36.4 டிகிரி செல்சியஸ். நெல்லையின் கோடையில் ஒரு மத்தியானத்துக்குக்கூட அது தாங்காது. லண்டன் குளிரில் கல்லாக நிற்கும். காட்டுக்குள் விளைந்த பொருள் சொந்த வெயிலில் நிற்க முடியாமல் குளிர்நாட்டின் மேசைக்கே ஏற்றதாகிப் போனது.

அங்கேயும் அதற்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பைப் பிரித்து ஸ்டியரிக் அமிலத்தை எடுக்கக் கற்றுக்கொடுத்தார். நுனி வெட்டத் தேவையில்லாத பின்னல் திரியும் 1820களில் வந்துவிட்டது. லண்டனின் பிரைஸ் மெழுகுத்திரிக் கம்பெனி இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந்தோப்பே வாங்கித் தேங்காயெண்ணெய் மெழுகு வார்த்தது. 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாணத்துக்கு ஜன்னல்தோறும் ஏற்ற மலிவான திரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து பாரபின் மெழுகு. பைனித்திரியின் இடத்தை இவை எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்டன. இன்று வண்ணார்பேட்டைக் கடையில் இருக்கும் குவளைகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்தப் பெட்ரோலிய மெழுகுதான். மெழுகுக்குச் சொந்த மணம் கிடையாது. வாசனை பின்னால் கலப்பது. பாரிஸில் டிப்டிக் கடை 1963இல் விற்கத் தொடங்கிய முதல் மூன்று வாசனைத் திரிகளில் ஒன்று லவங்கப்பட்டை மணம்.

‘அரோமாதெரபி’ என்பதற்கும் பிரான்ஸில் ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. கேட்டஃபோசே என்ற வாசனைத் தைல வேதியியலாளர் 1910இல் ஆய்வகத் தீவிபத்தில் கைகள் கருகி, லாவெண்டர் தைலம் தடவிக்கொண்டார். 1937இல் அந்தப் பெயரிலேயே நூல் எழுதினார். நம் சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32 வகை. அதில் புகையும் வேதும் உண்டு. நொச்சித்தழை போட்டு வேது பிடிக்காத வீடு தாமிரபரணிக் கரையில் குறைவு. பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் வாலையில் வடித்ததுதான். இவற்றை முறையாகச் சொல்லித்தர 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடைத்த அறைக்குள் புகையை நிரப்புவது மட்டும் வேண்டாம். இழைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் எந்தப் புகையும் ஆகாது.

பைனி மரத்துக்குப் பிற்பாடு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் அதை வெட்டியது பிசினுக்காகக்கூட அல்ல, ஒட்டுப்பலகைக்கும் தேயிலைப் பெட்டிக்கும். ஆழமாக வெட்டிப் பிசின் எடுத்ததில் பட்டுப்போனவை வேறு. அதன் விதையைச் சேமித்துவைக்க முடியாது. உதிர்ந்த சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பழுத்து விழும் அந்த விதைகளைப் பொறுக்கி உடனடியாக நாற்று விட்டால் மரம் கிடைக்கும். வனத்துறை நாற்றங்கால்களும் மலைவாழ் மக்களின் கிராம சபைகளும் சேர்ந்தால் முடிகிற வேலை இது. தெருவோர நிழல்மரமாகவே கன்னட நாட்டில் இதை வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். செங்கோட்டையை ஒட்டிய ஈரமான சரிவுகளில் ஏன் முயன்று பார்க்கக் கூடாது?

(தொடரும்)