முப்பது மில்லிமீட்டர் என்னும் வரம்பு: குடல் அழற்சி நோயில் ஈ.எஸ்.ஆர். அளவீடு குறித்து ஒரு மறுவாசிப்பு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண் அழற்சி) நோயாளியின் ஈ.எஸ்.ஆர்., அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், முதல் மணி நேரத்தில் 30 மி.மீ.யைத் தாண்டினால் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று கொள்ளும் வழக்கம் வேரூன்றிவிட்டது. மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் அழற்சிப் புரதத்தைப் பார்க்க வசதியில்லாத இடங்களில் நோயைத் தொடர்ந்து கண்காணிக்க இந்த வரம்பே போதும் என்று வாதிடுவோரும் உண்டு. சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் அந்த வாதம் செல்லாது என்பது என் நிலைப்பாடு. அது சான்றாகக் காட்டும் மூலமே அதற்குத் துணை நிற்கவில்லை.

அந்த மூலம், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவும் விட்ஸும் 1955இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கார்ட்டிசோன் ஆய்வு. நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாத ரத்தபேதி, காய்ச்சல், 90க்கு மேல் நாடித்துடிப்பு, ரத்தசோகை, 30 மி.மீ.க்கு மேல் ஈ.எஸ்.ஆர். ஆகியவற்றை அவர்கள் கடுமையான தாக்குதலின் அடையாளங்களாக ஒருசேர வைத்தார்கள். ரத்தபேதியோடு மற்றவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்பது பின்னாளில் வந்த திருத்தம். அந்தத் திருத்தத்துக்குப் பிறகே 30 என்ற எண் தனித்து நடமாடத் தொடங்கியது என்று கருத இடமுண்டு.

இதைவிட முக்கியமானது, அதே கட்டுரை நோய் தணிந்த நிலையை வரையறுக்கும் பகுதி. அங்கே 30 என்ற எண்ணே இல்லை. ஈ.எஸ்.ஆர். இயல்பாக இருக்க வேண்டும், அல்லது இயல்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். தாக்குதலின் கடுமையை வகைப்படுத்த ஓர் எண்; குணமாவதை அறிய அதே நோயாளியின் அளவு போகும் திசை. கண்காணிப்புக்கு 30ஐ எல்லைக்கோடாக்கியவர்கள் முதல் பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

சரி, மூலம் எதைச் சொன்னாலும் நடைமுறையில் பயன்பட்டால் போதாதா என்று கேட்கலாம். இங்கே பயன்படாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைந்தால், அழற்சியே இல்லாவிட்டாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும். இரும்புச்சத்துக் குறைவால் அணுக்கள் சிறுத்துவிட்டால் படியும் வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். அப்படியானால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சோதனை நடக்கும் மேசையையும் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஆர். அளக்கும் வெஸ்டர்கிரென் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்று டிகிரி சாய்ந்தாலே அளவு முப்பது சதவீதம் வரை கூடிவிடலாம். அறை வெப்பம் 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏ.சி. இல்லாத சிறிய லேபில், மே மாதப் பிற்பகலில், மின்விசிறிக்கடியில் ஆடும் ஸ்டாண்டில் வரும் 34ஐ வைத்து ஸ்டீராய்டு அளவைக் கூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஈ.எஸ்.ஆர். மீதான பற்றுக்கு இவ்வட்டாரத்தில் வரலாற்றுக் காரணமும் இருக்கலாம். வெஸ்டர்கிரென் 1921இல் தம் முறையை வெளியிட்டதே நுரையீரல் காசநோயாளிகளை ஆராய்ந்துதான். மருத்துவர் சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியது அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின். ஆனால் குடல் காசநோயும் கிரோன் நோயும் ஒன்றுபோல் தோன்றும் நம் ஊரில், இரண்டிலுமே ஏறும் ஓர் அளவு அவற்றைப் பிரித்துக் காட்டாது.

ஈ.எஸ்.ஆரை விட, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரதம்) மேலானது, ஆனால் நிபந்தனையோடு. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால், அழற்சி தணிந்தால் சில நாட்களில் இறங்கிவிடும். கடும் கொலைட்டிஸில் சிகிச்சையின் மூன்றாம் நாள் அளவு லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1996இல் ஓர் அபாயக் குறியாகக் காட்டினார்கள். எனினும் நோய் மலக்குடலோடு நின்றவர்களுக்கு, புண் இருந்தும் சி.ஆர்.பி. ஏறாமலே இருக்கலாம். அவர்களுக்குக் கால்புரோடெக்டினோ கொலோனோஸ்கோப்பியோ தவிர வழியில்லை. மழைக்காலத்தில் முடிச்சூர் பக்கத்திலிருந்து காய்ச்சலோடு வரும் நோயாளிக்குச் சி.ஆர்.பி. ஏறியிருந்தால், குடலைக் குற்றம் சொல்வதற்கு முன் தொற்றைத் தேட வேண்டும். செலவு கூடும் என்ற ஆட்சேபம் வலுவற்றது: தேவையற்ற ஒரு ஸ்டீராய்டு சுற்றின் விலையை அதில் யாரும் கணக்கிடுவதில்லை.

ஆகவே புறநகர் மருத்துவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. நோய் முற்றிய நாளிலும் தணிந்த பின்னும் சி.ஆர்.பி.யை ஒரே லேபில் எடுத்து, லிட்டருக்கா டெசிலிட்டருக்கா என்ற அலகையும் சேர்த்து நோயாளியின் நோட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு அளவுகளும் இல்லாமல் மூன்றாவது அளவைக் கொண்டு மருந்தை மாற்றாதீர்கள்.