நத்தாரும் கிறிஸ்துமஸும்: பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி சில குறிப்புகள்

இலங்கைத் தமிழில் கிறிஸ்துமஸுக்கு 'நத்தார்' என்று பெயர். சிவப்புச் சட்டை போட்டு வரும் தாத்தா அங்கே 'நத்தார் தாத்தா'. பிறப்பு என்று பொருள்படும் 'நத்தால்' என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது இது. கொங்கணியிலும் மராத்தியிலும் 'நாதாள்', சிங்களத்தில் 'நத்தல'. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலும் இதே சொல்தான். 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா அந்தக் கரையைக் கடந்ததால் வந்த பெயர். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கூலிகளாகப் போனவர்கள் இறங்கியதும் அந்தக் கரையில்தான்.

நம்ம பக்கம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொற்கள் ஏராளம். சாவி, மேசை, ஜன்னல், அலமாரி, பாதிரி எல்லாம் அவர்கள் தந்தவை. ஆனால் நத்தார் மட்டும் தமிழ்நாட்டுப் பேச்சில் இல்லை; நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்த 'கிறிஸ்துமஸ்'தான். அப்படியிருக்க, திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தச் சொல்லைக் காதால் கேட்க ஒரு இடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்கு அருகிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம். அது இங்கே வந்து சேர்ந்த வழியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முகாமிலிருந்து நேர்கோட்டில் கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சம் போனால் பழவேற்காடு. போர்ச்சுக்கீசியர் அங்கே 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். மகிமை மாதா ஆலயத்தை 1515-ல் அவர்கள் கட்டியதாகச் சொல்வது வழக்கம். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கி 1610-ல் பண்டகசாலை போட்டார்கள். சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசியர் வந்து 1612-ல் அதை அழித்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடுதான்.

டச்சுக்காரர்கள் கால்வினைப் பின்பற்றிய சீர்திருத்தச் சபையினர். அவர்களுக்குள்ளேயே கிறிஸ்துமஸ் ஒரு சிக்கலான விஷயம். 1574-ல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய சபை மன்றம், ஞாயிறு தவிர வேறு திருநாள் எதுவும் வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. 1618-19-ல் அதே ஊரில் கூடிய பெரிய மன்றம் கிறிஸ்துமஸை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1647-ல் பாராளுமன்றமே கிறிஸ்துமஸைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் அபராதம். காலங்காலமாக எல்லாரும் தடையில்லாமல் கொண்டாடி வந்த பண்டிகை இது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

இந்த டச்சுக் கம்பெனிதான் 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. கத்தோலிக்கம் தடை செய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பாதிரியாரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை வரை போகலாம். கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. பூசை வைக்க ஆள் இல்லை, கூட இடமும் இல்லை.

சுமார் 30 வருஷம் கழித்து, 1687-ல், கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்குகிறார். கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கிறார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடிக்கிறார். குரு இல்லாத அத்தனை வருஷமும் வீடுகளுக்குள் ஜெபமும் திருநாளும் சாகாமல் இருந்திருக்கின்றன. 1689 கிறிஸ்துமஸ் இரவு பூசைக்காக ஜனங்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் டச்சுச் சிப்பாய்கள் புகுந்து பலரைக் கைது செய்தார்கள். வாஸ் தப்பித்துவிட்டார். 2015 ஜனவரி 14-ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இந்த இடத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான். போர்ச்சுக்கீசிய ஆட்சி போய், டச்சு ஆட்சி போய், ஆங்கில ஆட்சியும் போன பிறகு 'நத்தார்' என்ற சொல் மிஞ்சியிருக்கிறது என்றால், காப்பாற்றியது கோவிலும் இல்லை, அரசாங்கமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பண்டிகை வைத்த வீடுகள்தான். வீட்டுப் பழக்கத்தைக் கோவில் வழிபாட்டின் ஒரு வால் மாதிரி பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு வீடுதான் கோவிலாக இருந்தது.

1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்தவர்களோடு அந்தச் சொல் கடல் கடந்தது. போர்ச்சுக்கீசியர் இறங்கிய கரைக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட 500 வருஷம் கழித்து, அவர்களுடைய சொல்லை அகதிகள் கொண்டுவந்து சேர்த்தார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்த ஒரு அக்கா முகாமில் இருக்கிறார். என்னிடம் சொன்னார்: "எங்கட வீட்டில நத்தார் எண்டுதான் சொல்லுறது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போய் கிறிஸ்துமஸ் எண்டு பழகிட்டுதுகள். நான் சொன்னா சிரிக்குதுகள்." ரிச் கேக் மட்டும் விடவில்லை. ரவை, முந்திரிப்பருப்பு, பேரீச்சம்பழம், சர்க்கரைப் பாகில் ஊறிய வெள்ளைப் பூசணி எல்லாம் சேர்த்துக் கலந்து, வீட்டில் அடுப்பு வசதி இல்லாததால் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குகிறார். துண்டு போட்டு, தாளில் சுற்றி, வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுக்கிறார். பிள்ளைகள் சிரிப்பது சொல்லுக்குத்தான், கேக்குக்கு இல்லை.

முகாமைத் தாண்டி சிப்காட் பக்கம் வந்தால் கதை வேறு. இங்கே கிறிஸ்துமஸ் தெற்கேயிருந்து வந்தது. எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மா கொண்டுவந்தது முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கு அச்சும். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்த பாசிப்பயறு, கருப்பட்டிப் பாகு, தேங்காய். மூணு மூணு உருண்டையாக ஒட்டி, மாவில் முக்கிப் பொரிப்பார்கள். பழைய தமிழில் முந்திரி என்றால் திராட்சை, கொத்துப் பார்க்க அந்த மாதிரி இருப்பதால் அந்தப் பேர். நாள்பட இருந்தாலும் கெடாது, ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் வந்தாலும் நொறுங்காது. ஊர் மாறி வந்த குடும்பங்களில் அது நின்றதற்கு அது ஒரு காரணம்.

அச்சு முறுக்கு இன்னும் சுவாரசியம். இலங்கையில் இதே பண்டத்துக்குச் சிங்களத்தில் 'கொக்கிஸ்' என்று பேர். 'கூக்கியஸ்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அச்சைக் காயும் எண்ணெயில் முதலில் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். முழுக்க முக்கினால் கழன்று வராது. புது அச்சு ஒட்டும். பழகின அச்சு உதறினாலே விடும். அதனால்தான் அச்சைக் கடையில் வாங்குவதைவிட அம்மாவிடமிருந்து வாங்குவதே வழக்கம்.

ஊரில் இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு: ஷிப்ட். 1958-ஆம் வருஷத்து பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும் கட்டாய விடுமுறை. அதுக்கு மேல் ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த ஐந்தில் எவை வரும் என்பது நிர்வாகமும் தொழிலாளர்களும் கலந்து பேசி முடிவாவது. பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை என்று எண்ணிக்கொண்டே வந்தால் கிறிஸ்துமஸுக்கு இடம் கிடைக்கவும் செய்யலாம், கிடைக்காமலும் போகலாம். அப்பா வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அது பட்டியலில் இல்லை. டிசம்பர் வந்தால் வீட்டில் முதல் பேச்சே, "ஷிப்ட் மாத்தியாச்சா?" என்பதுதான். தெற்கே வழக்கமான விடியற்காலை 4 மணி ஆராதனை அந்த வகையில் எங்களுக்கு வசதி. கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே 6 மணி ஷிப்டுக்கு ஓடிவிடலாம். அப்பா இல்லாத பகலில் அம்மா பலகாரத் தட்டைத் துணி போட்டு மூடி எங்களிடம் கொடுத்து அனுப்புவாள். தட்டு காலியாகத் திரும்பாது, கொஞ்சம் சீனியாவது இருக்கும். தீபாவளிக்கு அவர்கள் தட்டு, கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு.

இப்போது அச்சு என் வீட்டில் இருக்கிறது. முந்திரிக்கொத்து வருஷம் தவறாமல் செய்கிறோம். கேரல் பாட்டுக்காரர்கள் ராத்திரி வந்தால் காபி போடுகிறோம். ஆனால் ஊர்ப் பேச்சு போய்விட்டது. அம்மா பலகாரத்துக்குச் சொன்ன வார்த்தைகளில் பாதி என் பிள்ளைக்குத் தெரியாது. முகாமிலும் அதே வரிசைதான்: சொல் முதலில் போகிறது, பண்டம் நிற்கிறது. பண்டத்தை வீட்டில் செய்தால் போதும். சொல்லைத் தெருவிலும் பள்ளியிலும் யாராவது திருப்பிச் சொல்ல வேண்டும்.

முகாமுக்கு இதில் கூடுதல் பாரம் ஒன்று உண்டு. 2021-லிருந்து அரசு அதை 'மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கிறது. ஆனாலும் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குக் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். தாய், தகப்பன் இரண்டு பேரும் அகதிகளாக இருந்தால், இங்கேயே பிறந்து, கிறிஸ்துமஸ் என்று இங்கத்திய மாதிரியே பேசப் பழகின பிள்ளைக்கும் அது கிடையாது. பள்ளிக்கூடத்தில் தனித்துத் தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சொல்லை விடுகிறார்கள். விட்டும் காகிதத்தில் அவர்கள் வேற்று ஆள்தான். அந்த அக்காவுக்கு இது தெரியும். பிள்ளைகள் சிரித்தாலும் அவர் நத்தார் என்றுதான் சொல்கிறார். போன டிசம்பரில் அவர் கொடுத்த கேக்குக்குப் பதிலாக நாங்கள் அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொண்டுவந்த அவருடைய பேரன், வாசலில் நின்று, "அம்மம்மா நத்தார் வாழ்த்து சொல்லச் சொன்னவ" என்றான். சிரிக்கவில்லை. என் பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னது.