மணலில் வரைந்த எல்லைகள்: 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' புதினத்தின் வரலாற்றுப் பின்புலம்

கொழும்பில் 1943-இல் பிறந்து கனடாவில் குடியேறிய மைக்கேல் ஒண்டாச்சியின் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்', 1992-ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட புதினமாகும். போர் முடியும் தறுவாயில் இத்தாலிய மாளிகை ஒன்றில் தீப்புண்பட்டுக் கிடப்பவனின் நினைவுகளே கதையை நடத்துகின்றன. அந்நினைவுகளின் களம் லிபியப் பாலைவனம்.

நோயாளியாக வரும் அல்மாஷி முற்றிலும் கற்பனை மாந்தன் அல்லன். ஹங்கேரி நாட்டவரான லாஸ்லோ அல்மாஷி, 1930-களில் ஜெர்சூரா என்னும் தொலைந்த பசுஞ்சோலையைத் தேடி மோட்டார் வண்டியில் அலைந்தவர். கில்ஃப் கெபீர் பீடபூமியில், நீந்தும் மனிதர்களைத் தீட்டிய தொல் ஓவியக் குகையை 1933-இல் கண்டறிந்தவரும் அவரே. ஆங்கிலேயரான ரால்ஃப் பேக்னால்டும் அதே மணற்பரப்பை ஆராய்ந்தவர். அன்று அவர்களுக்குப் பகை, நாடுகளன்று, நீரின்மையே.

1940-இல் போர் அங்கு எட்டியதும் நிலை மாறியது. பேக்னால்ட் எகிப்தில் நெடுந்தொலைவுப் பாலைவனப் படைப்பிரிவை உருவாக்கினார். ஆய்வுப் பயணங்களுக்கென அவர் செம்மைப்படுத்திய சூரியத் திசைகாட்டி படைக்கருவியாயிற்று. அல்மாஷியோ ஜெர்மானியர் பக்கம் நின்று, 1942 மே மாதத்தில் இரு ஒற்றர்களை ஜாலோவிலிருந்து கில்ஃப் கெபீர் வழியாக நைல் நதிக்கரையின் அசியூத் வரை கொண்டு சேர்த்தார். அவ்விருவரும் ஜூலையில் கெய்ரோவில் பிடிபட்டனர். நிலத்தை அறியும் ஆர்வத்தில் திரட்டிய அறிவு, இருதரப்பிலும் போரின் கருவியானமை நோக்கத்தக்கது.

இங்குப் புதினம் வரலாற்றினின்று விலகுகிறது. குகையில் காயமுற்றுக் கிடக்கும் காதலிக்காக உதவி தேடி வந்தவனை, அயற்பெயர் கொண்டவன் என்பதால் ஆங்கிலப் படையினர் பிடித்துச் செல்கின்றனர். அவனது பக்கமாற்றத்திற்குக் காதலின் துயரம் பின்னணியாகிறது. வரலாற்று அல்மாஷியோ ஹங்கேரி விமானப்படையின் சேமப்படை அதிகாரியாகவே ஜெர்மானியருக்குப் பணியாற்றியவர். தீயில் வேகாமல், 1951-இல் சால்ஸ்பர்க்கில் நோயுற்று இறந்தவர். 1996-இல் திரைப்படம் வெளிவந்தபோது, அவரது போர்க்காலப் பணி மென்மைப்படுத்தப்பட்டது என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தைப் புறந்தள்ள இயலாது.

எனினும் அதற்கான விடையின் ஒரு பகுதி புதினத்திற்குள்ளேயே உள்ளது. வெடிகுண்டு அகற்றும் சீக்கிய வீரன் கிப், தன் நாட்டுக்குரியதல்லாத போரில் உழைப்பவன். 1940 டிசம்பரில் சிடி பர்ரானியில் தொடங்கி 1943 மே மாதம் துனிசியா வரை பொருத இந்திய நான்காம் டிவிஷனின் வீரர்களும் அத்தகையோரே. ஹிரோஷிமாச் செய்தி கேட்டதும் கிப் அந்த மாளிகையைத் துறக்கிறான். நாடுகளின் பெயர் அழிந்த நிலத்தை நோயாளி கனவு காண்கிறான். பேரரசின் குடிமகனுக்கோ அக்கனவு வாய்ப்பதில்லை. நோயாளியின் மீது நமக்கெழும் இரக்கத்தைக் கிப்பின் சினத்தோடு சேர்த்து எடையிடும்போதே இப்புதினத்தின் வரலாற்று உண்மை முழுமை பெறுகிறது.