குறி தவறாத சங்கம்

குண்டு பாய்ந்தது, குடியரசுத் தலைவர் சாய்ந்தார். 1963 நவம்பர் 22! டல்லாஸ் நகரத் தெருவிலே, திறந்த காரிலே, துணைவியார் அருகிருக்க, மக்கள் கையசைத்து வாழ்த்த, புன்னகை பூத்துச் சென்றார் கென்னடி. அடுத்த நொடி, கண்டவர் நெஞ்சம் நடுங்கக் குருதி வெள்ளம்!

அந்தக் கொலைக் கருவி எங்கிருந்து வந்தது? பகைநாட்டு ஒற்றன் கொண்டுவந்து கொடுத்ததா? கள்ளச் சந்தையிலே கிடைத்ததா? இல்லை! இதழொன்றில் வந்த விளம்பரத்தைக் கண்டு, பொய்ப் பெயரில் அஞ்சலில் பணம் அனுப்பி, அஞ்சலிலேயே பெற்ற துப்பாக்கி அது. குறிபார்க்கும் தொலைநோக்கியோடும் அனுப்பும் செலவோடும் சேர்த்து விலை 21 டாலர் 45 சென்ட்! விளம்பரம் வெளிவந்த ஏடு 'அமெரிக்கன் ரைபிள்மேன்'. அதை நடத்துவது தேசிய ரைபிள் சங்கம்.

தலைவனைச் சாய்த்த கருவி சில நாட்களில் அஞ்சலில் வந்து சேர்ந்தது. அத்தகைய விற்பனையைத் தடுக்கும் சட்டம் வந்து சேரவோ ஐந்தாண்டுகள் ஆயின! இடையிலே நின்று தடுத்தது எது? பெரும்பான்மை ஒன்றை விரும்பினாலும் நிறைவேற விடாமல் தடுக்கும் ஆற்றல் ஒரு சங்கத்துக்கு எப்படி வந்தது? மக்களாட்சியிலே பற்றுடைய இளைஞர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது. விடை காண வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோம்.

1871-ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அடிமை முறையைக் கட்டிக்காக்க நின்ற தென்னாட்டை வென்ற வடபடையிலே, பல வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லை என்ற குறை, தளபதிகளின் மனத்தை உறுத்திற்று. வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் எனும் இருவர் நியூயார்க்கிலே ஒரு சங்கம் கண்டனர். படைத்தலைவராய் இருந்த பர்ன்சைடு முதல் தலைவரானார். நோக்கம் ஒன்றே: குறிபார்க்கக் கற்றுத் தருவது! அரசியல் இல்லை, ஆரவாரம் இல்லை. பயிற்சிக் களம், போட்டி, பரிசு, இவ்வளவே.

ஆண்டுகள் உருண்டன. சிகாகோ நகரிலே 1929-இல் ஒரே காலையில் எழுவரைக் கொள்ளைக் கூட்டத்தார் சுட்டு வீழ்த்தினர். 1933-இல் மயாமி நகரிலே ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்டான் ஒருவன். அவர் தப்பினார், சிகாகோ நகர மேயர் செர்மாக் உயிரிழந்தார். அதன்பின் 1934-இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் வெட்டிய துப்பாக்கிக்கும் 200 டாலர் வரி விதித்து, பதிவும் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. அந்நாளைய சங்கத் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக், நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி என்ன சொன்னார் தெரியுமா? கண்டவரெல்லாம் துப்பாக்கி தாங்கித் திரிவதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டும், உரிமம் பெற்றவர்க்கே அனுமதி வேண்டும் என்றார்! ஆயினும் மசோதாவிலே முதலில் இடம்பெற்றிருந்த கைத்துப்பாக்கி, எதிர்ப்பின் விளைவாக வெளியேறிவிட்டது. பின்னாளிலே பெருமரமாய் வளர இருந்த விதை அன்றே விழுந்தது எனலாம்.

உரிமை, உரிமை என்று பேசுகிறார்களே, அந்த உரிமை யாருக்கு என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பர். கேட்கத்தான் வேண்டும்! அடிமைத்தளை அறுந்த 1865-ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம் எனச் சட்டம் செய்தது மிசிசிப்பி மாநிலம். 1956-இல், வீட்டிலே குண்டு வீசப்பட்ட பிறகு, தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கோரினார் மார்ட்டின் லூதர் கிங். மறுக்கப்பட்டது! 1967-இல் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தார் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திக் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் தாங்கக்கூடாது என உடனே சட்டம் பிறந்தது. அதற்குத் துணை நின்றது ரைபிள் சங்கம். கையெழுத்திட்டவர் ஆளுநர் ரேகன். வெள்ளையன் கையில் இருந்தால் உரிமை. கறுப்பன் கையில் இருந்தால் கலகம்! எந்த உரிமைக்கும் இந்த உரைகல்லை வைத்துப் பார்த்தால்தான் பொன் எது, பித்தளை எது என்பது புலப்படும்.

1968 ஏப்ரலிலே கிங் சுடப்பட்டார். ஜூனிலே ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். அக்டோபரிலே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அஞ்சல்வழி விற்பனை தடுக்கப்பட்டது. ஆனால் துப்பாக்கிகளைப் பதிவு செய்யவும், வைத்திருப்போர் உரிமம் பெறவும் ஜான்சன் கேட்டாரே, அது கிட்டவில்லை. கையெழுத்திட்ட அன்றே, வலிமைமிக்க துப்பாக்கிக் கூட்டத்தின் குரல் வென்றுவிட்டது என மனம் நொந்து கூறினார் அவர். அப்போதும் சங்கத்தின் நிர்வாகத் துணைத் தலைவர் ஃபிராங்ளின் ஓர்த், இச்சட்டத்தோடு வாழ முடியும் என்ற அளவில் மிதமாகவே பேசினார். அந்த மிதம் சிலருக்குப் பிடிக்கவில்லை.

1977 மே திங்களில் சின்சினாட்டி நகரில் ஆண்டு மாநாடு. பழைய தலைமை, சங்கத்தைத் தலைநகரை விட்டுக் கொலராடோவுக்குக் கொண்டுபோய், வேட்டையிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் ஈடுபடுத்த எண்ணியிருந்தது. ஹார்லன் கார்ட்டர் தலைமையில் திரண்ட உறுப்பினர்கள், விதிநூலைக் கையிலேந்தி, விடியும்வரை வாதாடி, வாக்கெடுத்து, அந்தத் தலைமையைக் கவிழ்த்தனர். மாலையில் விளையாட்டுச் சங்கமாய் இருந்தது, மறுநாள் காலையில் அரசியல் படையாய் எழுந்தது! குறி மாறிற்று: அட்டையிலே வரைந்த வட்டம் அன்று, சட்டமன்றத்திலே அமர்ந்த மனிதர்!

அதன் வலிமை பணம் என்பர் பலர். பணமும் உண்டு, 2016 தேர்தலில் டிரம்ப்புக்காக 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட சங்கமல்லவா! ஆனால் பணம் மட்டுமே காரணம் என்று எண்ணுவது, நோயின் வேரை விட்டு இலையைக் கிள்ளுவதாகும். உண்மை வலிமை வேறு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும், பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதுபோல், தரமிடுகிறது சங்கம். மசோதா வருகிறது என்றால், உறுப்பினர் இல்லந்தோறும் மடல் செல்கிறது. மறுநாளே சட்டமன்றத்தாரின் மேசை கடிதங்களால் நிரம்புகிறது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர் பலர். ஆனால் அவர்கள் விலைவாசி, வேலை, மருத்துவம் எனப் பத்தையும் பார்த்து வாக்களிப்பர். வேண்டாம் என்பவர் சிலர். ஆனால் அந்த ஒன்றையே பார்த்து வாக்களிப்பர். பரந்து கிடக்கும் வைக்கோலைக் காற்று வாரிச் செல்லும். முறுக்கிய கயிறோ தேரை இழுக்கும்!

இந்தக் கயிறு இழுத்த தேர்கள் பல. 1986-இல், துப்பாக்கி உடையோரின் பட்டியலை நடுவண் அரசு தொகுக்கலாகாது எனச் சட்டம் வந்தது. 1981-இல் ரேகனோடு சேர்ந்து சுடப்பட்டு முடமான செயலர் பிரேடியின் பெயரால், வாங்குவோரின் பின்னணியை ஆராயும் சட்டம் 1993-இல் நிறைவேறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1994-இல் போர்க்களப் பாணித் துப்பாக்கிகளுக்குப் பத்தாண்டுத் தடை வந்தது. அவ்வாண்டுத் தேர்தலிலேயே ஆளுங்கட்சி மக்களவையை இழந்தது. அவைத் தலைவர் ஃபோலியே தம் தொகுதியில் தோற்றார். தோல்வியில் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டெனக் கிளின்டனே ஒப்பினார். 2004-இல் தடை காலாவதியானபோது, அதைப் புதுப்பிக்க நாடாளுமன்றம் முன்வரவில்லை. 2005-இல், துப்பாக்கி செய்வோர்மீது வழக்குத் தொடுப்பதையே பெரும்பாலும் தடுக்கும் கவசச் சட்டம் பிறந்தது.

எல்லாவற்றினும் கொடிது 1996-இல் நடந்தது. துப்பாக்கிச் சாவை ஒரு நோய்போல் ஆராய்ந்து வந்தது நடுவண் நோய்க்கட்டுப்பாட்டு மையம். அந்த ஆராய்ச்சிக்குச் செலவிட்ட 26 இலட்சம் டாலர் நிதி வெட்டப்பட்டது. கட்டுப்பாட்டை வலியுறுத்த நிதியைப் பயன்படுத்தலாகாது என டிக்கி என்பவர் பெயரால் விதி சேர்க்கப்பட்டது. அஞ்சிய அறிவியலார் ஆராய்ச்சியையே கைவிட்டனர். மருந்தை மறுப்போர் உண்டு; நோயைப் பற்றி அறிவதையே மறுப்பதா? இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இருட்டு நீடித்தது. தம் செயலுக்கு டிக்கியே பின்னர் வருந்தினார். 2019 இறுதியில்தான் 250 இலட்சம் டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. அறிவுக்குப் பூட்டுப் போடுகிறவன் எவனும் உண்மைக்கு நண்பனல்லன்!

இத்தனைக்கும் ஆதாரமாக அவர்கள் காட்டுவது எது? 1791-இல் ஏற்கப்பட்ட, அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம். ஆங்கிலத்தில் 27 சொற்கள். முதற்பாதி, சுதந்திர நாட்டின் காப்புக்கு ஒழுங்குபட்ட குடிப்படை தேவை என்கிறது. பிற்பாதி, மக்கள் ஆயுதம் தாங்கும் உரிமை மீறப்படலாகாது என்கிறது. அவர்கள் ஓதுவதோ பிற்பாதியை மட்டும்! பாதியை மறைத்துப் பாதியை ஓதி, பழைய ஏட்டைக் காட்டி வாய் மூடச் செய்யும் வித்தை நாம் அறியாததா? 1939-இல் உச்சநீதிமன்றம் அந்த உரிமையைக் குடிப்படையோடு இணைத்தே பார்த்தது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வாரன் பர்கர், அவர் பழமைவாதியே, இத்திருத்தத்துக்குத் தரப்பட்ட விளக்கம் மக்கள்மீது நடத்தப்பட்ட பெரும் மோசடிகளுள் ஒன்று என 1991-இல் சாடினார். ஆனால் ஓயாமல் சொன்னது உறைந்தது. 2008-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது தனிமனித உரிமையே எனத் தீர்ப்பாயிற்று. அளவற்ற உரிமையன்று என்ற வரியும் அதே தீர்ப்பில் உண்டு. அதை உரக்கப் படிப்போர் சிலரே!

2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளியொன்றில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆறேழு வயதுப் பிஞ்சுகள்! கரும்பலகை முன் நிற்கும் எவர்க்கும் கை நடுங்காதோ? ஒரு வாரம் கழித்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகி லாபியர் சொன்னார்: துப்பாக்கி ஏந்திய தீயவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் முடியும் என்று. அடுத்த ஏப்ரலில், விற்பனையின்போது பின்னணி ஆராயும் முறையை விரிவாக்கும் திட்டம் செனட்டுக்கு வந்தது. பத்தில் ஒன்பது பேர் வேண்டுமென்றனர் எனக் கருத்துக் கணிப்புகள் காட்டின. ஆதரவு 54, எதிர்ப்பு 46. வென்றதா? இல்லை; அறுபது வேண்டுமாம்! நான்கு கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம், ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு இடம் உள்ள சபையது.

நல்லவன் கையில் துப்பாக்கி என்ற வாதத்துக்கு 2022 மே 24 விடை சொல்லிற்று. டெக்சஸ் மாநிலத்து யுவால்டியில் பத்தொன்பது குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் மாண்டனர். வந்து குவிந்த காவலர் 376 பேர். கொலைஞனை வீழ்த்த அவர்களுக்குப் பிடித்த நேரம் 77 நிமிடங்கள்!

மறுதரப்பின் நியாயத்தையும் மறைத்தல் நமக்கு அழகன்று. காவல் நிலையம் காத தொலைவில் உள்ள பண்ணைவீட்டானுக்குத் துப்பாக்கி துணைதான். வேட்டை அங்கே தலைமுறைப் பழக்கந்தான். துப்பாக்கி உடையோரிலேயே பெரும்பாலோர் பின்னணி ஆராய்வதை ஏற்கின்றனர் என்பதும் உண்மை. ஆகவே பகை அந்த மக்களன்று; அவர்கள் அச்சத்தை முதலாக்கி நடக்கும் வாணிபமே! 2021-இல் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். காப்புக்கென்று வாங்கியது காலனாகிறது!

சங்கத்தின் கதை பின்னர் சரிந்தது. நன்கொடைப் பணத்தைத் தலைமை தன் சொகுசுக்குச் செலவிட்டதென 2020-இல் நியூயார்க் அரசு வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரியில் லாபியர் பதவி விலகினார். அடுத்த மாதம் அவர் பொறுப்பாளியெனத் தீர்ப்பாகி, 43 இலட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தருமாறு கூறப்பட்டது. ஆனால் சங்கம் தளர்ந்தும் அது விதைத்த எண்ணம் தளரவில்லை. யுவால்டிக்குப் பின், 2022 ஜூன் 23-இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முதற்பெருஞ்சட்டத்தைச் செனட் நிறைவேற்றியது. அதே நாளில், வெளியே கைத்துப்பாக்கி தாங்கத் தனிக்காரணம் காட்ட வேண்டுமென்ற நியூயார்க்கின் நூறாண்டுக்கு மேற்பட்ட விதியை உச்சநீதிமன்றம் உடைத்தெறிந்தது!

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாப் பள்ளியொன்றிலே பதினேழு பேர் மாண்டதும், தப்பிய மாணவர்களே வீதிக்கு வந்தனர். மூன்று வாரத்திலே, துப்பாக்கி வாங்கும் வயதை இருபத்தொன்றாக்கிய சட்டத்தில், சங்கம் போற்றிய ஆளுநரே கையெழுத்திட்டார். கண்ணீர் மட்டும் அதைச் செய்யவில்லை. கண்ணீரோடு அமைப்பும் சேர்ந்தது.

தோழர்களே! பத்தில் ஒன்பது பேர் நம் பக்கம் என்று கணக்கிட்டுக் களிப்பது எளிது. அந்த ஒன்பது பேர் உறங்க, ஒருவன் விழித்திருந்தால், சட்டம் எழுதும் கோல் அந்த ஒருவன் கையில்தான் இருக்கும். சின்சினாட்டியில் விதிநூலோடு விடியும்வரை விழித்திருந்தவர்கள் நமக்குப் பாடம் சொல்கிறார்கள். அவர்கள் நோக்கத்தை வெறுப்போம், அவர்கள் விழிப்பைக் கற்போம்!