தையற்காரர் மகன் எழுதிய தினக்குறிப்பு

1660-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, லண்டன் மாநகரில், இருபத்தாறு பிராயமே நிரம்பிய சாமுவேல் பீப்ஸ் என்னும் குமாஸ்தா, அக்காலத்தில் வழங்கிய ஒரு சுருக்கெழுத்து முறையைக் கைக்கொண்டு, தம் அன்றாட விருத்தாந்தங்களை எழுதத் தொடங்கினார். பார்வை அடியோடு போய்விடுமோ என்ற அச்சத்தால் 1669 மே 31-ஆம் தேதி எழுதுகோலைக் கீழே வைக்கும் வரையில், ஆறு தொகுதிகள் நிரம்ப எழுதிக் குவித்தார். 1665-இல் வந்த பிளேக் கொள்ளைநோயையும், மறு ஆண்டு லண்டனைச் சாம்பலாக்கிய பெருந்தீயையும் பற்றி எழுதப் புகும் சரித்திராசிரியர் எவரும் இக்குறிப்பை நாடாமல் இருப்பதில்லை. எனினும், புஸ்தகம், உடை, பிரயாணம் ஆகிய மூன்றிலும் அந்த மனிதருக்கு இருந்த தீராத மோகமே இந்நூலுக்கு ஜீவன் என்பது என் அபிப்பிராயம்.

உடை மோகம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது எனலாம், தந்தை தையற்காரர். 1660-லேயே கடற்படை அலுவலகத்தில் ஆண்டுக்கு 350 பவுன் சம்பளமுள்ள பெரிய உத்தியோகம் கிடைத்துவிடவே, துணிக்கடைக்கு வெளியே நின்று பார்த்த காலம் மாறி, வேண்டியதை வாங்கும் காலம் வந்தது. ஆனால் மாதக் கடைசியில் ஐவேஜு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் பழக்கமும் அவரைவிட்டு நீங்கவில்லை. 1663 அக்டோபர் முடிவில் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, முந்தின மாதம் 760 பவுனாக இருந்த கையிருப்பு 717-க்கு இறங்கியிருந்தது. காரணத்தையும் அவரே எழுதிவைத்தார்: மனைவியின் உடைக்குச் சுமார் 12 பவுன், தம் உடைக்குச் சுமார் 55 பவுன்! அந்த 55-இல் இரண்டு டோப்பாக்களும் அடக்கம். ஒன்றின் விலை மூன்று பவுன், மற்றொன்று இரண்டு பவுன். டோப்பா தரித்துக்கொண்டு மாதாகோயிலுக்குப் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று கூசியவர், ஒருவரும் அவ்வளவாக லட்சியம் செய்யவில்லை என்பதையும் ஒளிக்காமல் குறித்தார். பிளேக்கின் உக்கிரத்தின்போது, கொள்ளைநோயில் மாண்டவரின் தலைமயிராக இருக்குமோ என்று அஞ்சி ஜனங்கள் டோப்பா வாங்குவதையே விட்டுவிடுவார்களோ என்று அவர் எழுதிய ஒரு யோசனையில், அந்நகரத்தின் பீதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

புஸ்தக விஷயத்திலும் இதே போக்குத்தான். ராபர்ட் ஹூக் எழுதிய 'மைக்ரோகிராபியா' 1665-இல் வெளிவந்ததும் வாங்கி, இரவு இரண்டு மணி வரையில் விழித்திருந்து படித்தார். ஆபாசமான பிரெஞ்சு நூலொன்றை, படித்து முடித்ததும் கொளுத்திவிடுவது என்ற தீர்மானத்துடன், அழகிய கட்டடமில்லாத மலிவுப் பிரதியாகப் பார்த்து வாங்கி, சொன்னபடியே படித்தார், கொளுத்தினார், அதையும் எழுதினார். புஸ்தகமும் துணியும் ஓரிடத்தில் சேர்ந்ததும் உண்டு: 1663 செப்டம்பரில் மனைவியின் படிப்பறையை அலங்கரிப்பதற்கென்று இந்தியாவிலிருந்து வந்த சீட்டித் துணி வாங்கினார். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்களில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

1668 ஜூன் மாதத்தில் ஆக்ஸ்போர்டு, சாலிஸ்பரி, பாத், பிரிஸ்டல் என்று குடும்பத்தோடு சுற்றிவந்த பிரயாணத்தின் பக்கங்களோ, பெரும்பாலும் செலவுக் குறிப்புகளாகவே எஞ்சி நிற்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சின் பிரம்மாண்டமான கற்களைக் கண்டு வியந்தவர், அங்கே குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நடந்த இடைச்சிக்கு நாலு பென்னி கொடுத்ததையும் அதே பக்கத்தில் பதிந்தார். பாத் நகரின் புகழ்பெற்ற வெந்நீர்ச் சுனையில் இத்தனை பேர் ஒரே தண்ணீரில் இறங்கிக் குளிப்பது சுத்தமாக இருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டார். ஆனால் தாமும் குளித்தார்.

1703-இல் அவர் காலமானபின், சுமார் 3,000 நூல்கள் கொண்ட அவரது புஸ்தக சாலை, அவர் விதித்த நிபந்தனைப்படி, 1724-இல் கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரியைச் சேர்ந்தது. தினக்குறிப்பும் அவற்றோடு சென்று, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. 1819 முதல் மூன்று ஆண்டுகள் கண் பூத்துப்போக உழைத்து ஜான் ஸ்மித் என்ற மாணவர் அந்தச் சுருக்கெழுத்தை வாசித்துப் பெயர்த்தெழுத, 1825-இல் முதற்பதிப்பு வெளியாயிற்று. அந்தச் சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் கைந்நூல் அதே புஸ்தக சாலையில்தான் இருந்தது என்பது பாவம், ஸ்மித்துக்குத் தெரியாது.

நம் புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரையில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று அழைப்பதுண்டு. பிள்ளையவர்கள் வியாபாரி, அவரும் கணக்கு அறிந்தவர். இருவருமே ஆசிரியர் என்ற பெயருக்காக எழுதியவர்கள் அல்லர். வரவையும் செலவையும் மறைத்தால் கணக்குக் கூடாது என்று அறிந்த கையால் எழுதியதனாலேயே அவர்கள் எழுத்தில் பொய் நுழைய இடம் குறைந்தது. படித்த நூலையும், உடுத்த துணியையும், கண்ட ஊரையும் பற்றி எழுத விரும்பும் இக்காலத்தவர்க்குச் சொல்லக்கூடியது இதுவே: வர்ணனையைச் சற்றுச் சுருக்கினாலும் பாதகமில்லை, கொடுத்த விலையையும் அடைந்த கூச்சத்தையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.